மோட்டார் ரூமில் நாலு இலை

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம். எனக்குக் கோபம் வரும். நடந்தது போன வைகாசி விசாகத்துக்கு நாலு நாள் முந்தி, காரியாபட்டிக்கும் பாளையம்பட்டிக்கும் நடுவில். அதுவும் பட்டப்பகலில்.

திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை. நாங்கள் நாலு பேர். எங்களுக்கு மாலை போட்டுவிட்டுக் கூட்டிப் போனவர் பால்ச்சாமி குருசாமி. விஜயபாண்டியும் மாரிக்கனி அக்காவும் வருஷா வருஷம் அவரோடு நடப்பவர்கள். நான் மட்டும் புதுசு.

வெயில் ஏறுவதற்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கிச் சாப்பிடுவதாக ஏற்பாடு. போனால் கேட்டில் பூட்டு. புதுசாக டைல்ஸ் போட்டிருக்கிறார்களாம், வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களை விட்டால் அழுக்காகுமாம். வாட்ச்மேன் அந்தப் பக்கம் நின்றே சொன்னார். குடிக்கத் தண்ணீர்கூடத் தரவில்லை. முந்தின வாரமே போனில் சரி என்று சொன்னவர்கள்தான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குருசாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முருகன் சோதிக்கிறான் என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போதே வெறுப்பு வந்துவிட்டது.

மணி 12.15. உச்சி உருமம். காலில் கொப்புளம் உடைந்து ரோட்டுத் தாரில் ஒட்டியது. பாலத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது: ‘பாதயாத்திரை சாமிகளுக்குச் சாப்பாடு.’ பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அது காட்டிய பக்கம், பருத்திக் காட்டுக்கு நடுவில், ஒரு மோட்டார் ரூம்.

“அங்க வேணாம்” என்றார் குருசாமி.

ஏன் என்று கேட்டேன். மற்ற ரெண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“நீங்க பட்டினி கிடங்க சாமி. நான் போறேன்.”

விறுவிறுவென்று நடந்தேன். வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தார்கள்.

12.30. உள்ளே இலை போட்டிருந்தது. சரியாக நாலு. ஒரு பெண் குனிந்து இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டியிருந்த மாதிரியே பச்சைச் சேலை. கழுத்தில் மாலை இல்லை. மாலை கிடந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது.

சோற்றுச் சட்டியில் ஆவி பறந்தது.

மூலையில் அடுப்பு. அதற்குள் ஒரு பூனை சுருண்டு தூங்கியது.

அவள் பேசாமல் பரிமாறினாள். விஜயபாண்டிக்கு. மாரிக்கனி அக்காவுக்கு. எனக்கு. பிறகு குருசாமி முன்னால் போய் நின்றாள்.

கரண்டி இறங்கவில்லை.

சொட்... சொட்... சாம்பார் தரையில் விழுந்தது.

“ஒங்களுக்குத் தீட்டு. மாலையக் கழட்டிட்டு வெளிய போங்க.”

மணி 12.47.

குருசாமியின் கை மாலைக்குப் போனது.

அவர் போன் அடித்தது...

எம்.ரெட்டியபட்டியிலிருந்து சாவுச் சேதி. அவருடைய கூடப்பிறந்த தம்பி. கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் உயிர் போயிருக்கிறது.

நிமிர்ந்தேன். அவள் இல்லை.

குருசாமியின் இலை மூடியிருந்தது. எழவு வீட்டில் மூடுவதுபோல, எதிர்ப்பக்கமாக.

குருசாமியை பஸ் ஏற்றிவிட விஜயபாண்டி போனான். மாரிக்கனி அக்காவும் நானும் ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அங்கேதான் அக்கா வாயைத் திறந்தாள்.

போன வருஷம் இவர்களோடு முத்துத்தாய் என்று ஒருத்தி நடந்திருக்கிறாள். இதே மோட்டார் ரூமில், இலையில் சோறு விழுந்த பிறகு, அப்பா செத்துப்போன சேதி போனில் வந்திருக்கிறது. தீட்டுக்காரி சாமிகளோடு சாப்பிடவும் கூடாது, நடக்கவும் கூடாது என்று குருசாமி அவள் மாலையைக் கழற்றிவிட்டார். இலையிலிருந்து எழுப்பிவிட்டு, எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். துணைக்கு ஒரு ஆள் நிற்கவில்லை. உச்சி வெயிலில் தனியாக பஸ்ஸுக்கு நடந்து, தாங்காமல் திரும்பியவளை, மூன்றாம் நாள் அதே மோட்டார் ரூமுக்குள் பிணமாகத்தான் எடுத்திருக்கிறார்கள்.

சாப்பிட உட்கார்ந்தவளை எழுப்பிவிட்டார்களே! எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு வருஷமாக இதை முழுங்கிவிட்டு, அரோகரா போட்டுக்கொண்டு என்னோடு நடந்திருக்கிறார்களே என்று.

“அப்ப அந்தப் பச்சைச் சேலை... முத்துத்தாயா?”

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

“பச்சச் சேலையில நீ ஒருத்திதான இருந்த, அனுசியா. உள்ள போனதும் நீதான் சோத்துச் சட்டியத் தூக்குன. அவுகள வெளிய போகச் சொன்னதும் நீதான்.”

வயிறு பசித்தது. காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடாத பசி.

கையை முகர்ந்தேன். சாம்பார் கரண்டி வாசனை.

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்...

மாலை இல்லை.