பாஸ்டர் என்ற பெட்டி

கொலம்பியா ஆற்றங்கரைப் பாலைவனத்தில் எங்கள் ஆலை என்ன தயாரிக்கிறது என்று 1945 தொடக்கத்தில் தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்கிறவர்களுக்குத் தெரியாது. கதிர்வீச்சு என்ற சொல்லுக்கு வாசலிலேயே தடை. கண்ணுக்குத் தெரியாத அதை 'அது' என்போம். 'அதை' அளக்கும் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது வெல்மா ஹட்சென்ஸின் வேலை. ஒக்லஹோமாவின் புழுதிக்குப் பயந்து இங்கே ஓடிவந்தவள். புழுதி அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தது.

எதை அளக்கிறது என்று பெட்டியின்மேல் எழுதக் கூடாது. ஆகவே குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்துச் சிவப்பு நகப்பூச்சால் எழுதினாள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் அலறுவது 'மாமியார்'. விட்டுவிட்டுச் சத்தம் போடுவது 'விக்கல்'. அரை மணி நேரத்தில் சூடேறி, முள்ளைப் பூஜ்யத்தில் சாய்த்துவிட்டு உறங்குவது 'பாஸ்டர்'. எதிரே எத்தனை பாவம் நின்றாலும் எல்லாம் நலமே என்பார். அவருக்குள் மாற்ற ரேடியோவில் இருப்பதுபோல் ஒரு வால்வு வேண்டுமென்று மூன்று மாதமாகக் கேட்கிறாள்; வரவில்லை. பெட்டிகளுக்குப் பஞ்சம், ஒதுக்கிவைக்கவும் வழியில்லை. பாஸ்டரைக் கூட்டிப்போனால் கால் மணியில் திரும்பிவிட வேண்டும் என்பது ஆலைக்கே தெரியும்.

புதிதாக வந்த மேலாளர் லிண்ட்கிரெனுக்குத் தெரியாது.

"இது தொழிற்சாலையா, மிருகக்காட்சி சாலையா?"

"ரெண்டும்தான் சார். சம்பளம்தான் ஒண்ணு."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் வெல்மா சாப்பிடப் போன நேரத்தில் ஐந்து பெட்டிகளின் பெயரையும் சுரண்டி, சாம்பல் நிறம் அடித்து, புது எண் போடவைத்தார். அவள் திரும்பியபோது நான்குதான் இருந்தன. ஐந்தாவதை, பதினேழாம் எண்ணை, கையெழுத்துப் போட்டு எடுத்துப்போயிருந்தவன் ஆரின், அவள் தம்பி. ஆலையின் கோடியிலிருக்கும் கான்கிரீட் கட்டடத்தில் அவனுக்குக் குழாய் வேலை.

"எது பாஸ்டர்னு குறிச்சு வெச்சீங்களா சார்?"

"எதுக்கு? அஞ்சையும் மேசையில வெச்சுச் சோதிச்சாச்சு. எல்லாம் சரியா இருக்கு."

"அஞ்சு நிமிஷம்னா யார் வேணா முழிச்சிருப்பாங்க சார்."

நான்கையும் கணப்பின்மேல் அடுக்கினாள். முதுகு வலிக்க அரை மணி நேரம் நின்று பார்த்தாள். நான்கு முள்ளும் விழித்தே இருந்தன. அப்படியானால் பாஸ்டர் ஆரினோடு உள்ளே போயிருக்கிறார்.

தொலைபேசியை எடுத்தாள். தடைசெய்த சொல் காதில் விழுந்தால் இணைப்பைத் துண்டிக்கவே ஒரு பெண் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"கான்கிரீட் கட்டடம் குடுங்க. என் தம்பிகிட்ட பாஸ்டர் இருக்கார், உடனே வெளிய வரச் சொல்லணும்."

"அங்க ஜெபத்துக்கெல்லாம் அனுமதி இல்லையே மேடம்."

"ஜெபம் பண்ணலம்மா, தூங்குறார்!"

"பேரெல்லாம் வேண்டாம்னு சொன்னேன்ல," என்றார் பின்னால் நின்ற லிண்ட்கிரென்.

"அப்ப நீங்களே பேசுங்க சார்."

ரிசீவரை வாங்கினார். "பதினேழாம் நம்பர் கருவி சரியா அளக்..."

"எதை அளக்குது சார்? கட் பண்ணிடுவேன்," என்றாள் நடுவிலிருந்த பெண்.

வெல்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஆரின்கிட்ட... பாஸ்டர் இருக்கார்னு சொல்லுங்க."

இணைப்பு கிடைத்தது. மறுமுனையில் மேஸ்திரி கத்துவது எங்கள் அறை வரைக்கும் கேட்டது: "டேய் ஆரின்! உன் கையில பாஸ்டராம்டா! ஓடி வா!" பிறகு பூட்ஸ் சத்தம்.

மாலையில் ஆரின் வந்தான். மூன்று முறை தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள், காதெல்லாம் சிவந்திருந்தது.

"முள்ளு அசையவே இல்லக்கா. இன்னைக்கு நல்ல நாளுன்னு நெனச்சு மெதுவா வேலை பார்த்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

அவள் திட்டவில்லை. திட்டவும் தெம்பு வேண்டும். உடம்பில் 'அது' எவ்வளவு பட்டதென்று காட்ட அவன் சட்டையில் குத்தியிருந்த பிலிம் வில்லையைக் கழுவிப் பார்க்கக் கொண்டுபோயிருந்தார்கள். என்ன தெரிந்ததென்று எங்களுக்குச் சொல்லும் வழக்கம் கிடையாது.

நகப்பூச்சு புட்டியிலேயே பாதி காய்ந்திருந்தது. ஆரினோடு திரும்பிவந்த பெட்டியில் வெல்மா 'பாஸ்டர்' என்று எழுதி முடிக்கும்வரை லிண்ட்கிரென் அதை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"மிச்சத்தையும் எழுதிடுங்களேன்."

"நாளைக்கு சார். கை ஓஞ்சுபோச்சு."

பேருந்தில் ஆரின் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். அவள் அவனை இரண்டு முறை எழுப்பினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."