புளி போட்டு விளக்கிய கட்டி

என் வேலையை வீட்டில் யாருக்கும் இன்றுவரை புரியவைக்க முடிந்ததில்லை. கேட்பாரற்றுக் கிடக்கிற அணு உலோகம் எங்கே உருவானது, எந்த வழியாக வந்தது என்று ஆய்வகம் கண்டுபிடிக்கும்வரை அதை இருந்தது இருந்தபடி வைத்திருக்க வேண்டும். துடைக்காமல் இருப்பதுதான் பாதி வேலை. ஒட்டியிருக்கும் தூசிதான் வந்த வழியைச் சொல்லும். இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பாய், இரும்பு லோடில் வந்த கறுப்புக் கட்டி ஒன்று இப்படிக் கனக்கிறதே என்று சந்தேகப்பட்டு அவராகவே போலீசில் சொல்லியிருந்தார். கதிர்வீச்சு மீட்டர் வைத்துப் பார்த்த போலீஸ்காரர்கள், யுரேனியமாக இருக்கலாம், அறையில் பூட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். புதுவயல் அரிசி ஆலையில் வாங்கியது என்றார் பாய். ஆலைக்காரர் தான் விற்கவே இல்லை என்று கைவிரித்துவிட்டார். பழி பாய் தலையில் விழுகிற நிலை. கட்டியின் இடுக்கில் கொஞ்சம் தவிடும் உமிச்சாம்பலும் இருந்தால் போதும், மனுஷன் தப்பித்துவிடுவார். அந்த நம்பிக்கையில்தான் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பாய் கதவைத் திறந்தார். வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் கட்டி பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"கழுவுனீகளா பாய்?"

"புளி போட்டு நல்லாத் தேச்சேன் சார். பெரிய ஆபீஸ்லருந்து வாரீக, அழுக்கோடயா குடுக்கிறது?"

நானும் இந்தப் பக்கத்துக் காளையார்கோவில்காரன்தான். விளக்காமல் ஒரு அண்டாவைக்கூட இங்கே யாரும் விற்க மாட்டார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. தேய்த்த தண்ணீர் எங்கே என்றேன். சாக்கடையில் போய்விட்டது. தேய்த்த நாரைக் குப்பை வண்டி கொண்டுபோய்விட்டது. கட்டி வந்த சாக்கு, துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அவர் கைகளை மீட்டர் வைத்துச் சோதித்தேன். நல்லவேளை, ஒன்றுமில்லை. கட்டியை டப்பாவில் வைத்து, காற்றுப் புகாமல் மூடி, சீல் வைத்தேன். எந்த நாட்டில் உருக்கியது என்று ஆய்வகம் சொல்லிவிடும். புதுவயலிலிருந்து வந்தது என்று மட்டும் இனி யாராலும் சொல்ல முடியாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விசாரணை இன்னும் முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்ததும் பாய் போன் செய்வார்.

"அந்தக் கட்டி பத்திரமா இருக்கா சார்?"

"இருக்கு பாய்."

"அது போதும் சார். அது உங்ககிட்ட இருக்கையில எனக்கென்ன பயம்?"