நான் வரையத் தயங்கிய மேகம்

எனக்கு மரக்காணத்தில் கொஞ்சம் உப்பளம். மனைவி கிளியனூர்ப் பக்கம், நெல் விவசாயக் குடும்பம். மழை வந்தால் அவள் வீட்டில் பாயசம் வைப்பார்கள். எங்கள் வீட்டில் வானத்தைத் திட்டுவோம். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே போனில் ஒரே ஊரைக் கட்டினால் என்ன ஆகும் என்று, அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போன மகள் யோசித்திருக்க வேண்டும்.

விளையாட்டு சுலபம்தான். வீடு கட்டலாம், வயல் போடலாம், ஆட்களைக் குடியேற்றலாம். வானம் மட்டும் காலியாக இருக்கும். நாமே விரலால் வரைய வேண்டும். சூரியன் வரைந்தால் வெயில், மேகம் வரைந்தால் மழை. வயலை மனைவி எடுத்துக்கொண்டாள். "வானத்த நான் பாத்துக்கறேன்" என்றேன். அனுபவஸ்தன் இல்லையா?

தினமும் சூரியன்தான் வரைந்தேன். ஒரு நாள் அதற்கு மீசைகூட வைத்தேன். மேகம் பக்கம் கை போகவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து போனைத் திறந்த மனைவி கத்தினாள். "என்னாங்க, இங்க வாங்க! ஜனங்க மூட்ட கட்டிக்கினு கெளம்புறாங்க!"

வயல் பழுப்பேறிக் கிடந்தது. கிணறு வறண்டிருந்தது. குட்டிக் குட்டி மனிதர்கள் தலையில் மூட்டையோடு ஊர் எல்லையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். எல்லையைத் தாண்டினால் திரும்ப மாட்டார்களாம்.

"மழ போடுங்க."

விரலை வைத்தேன். நகரவில்லை. வாரிக் குவித்த உப்பு அளத்தில் திறந்து கிடப்பது ஞாபகம் வந்து வியர்த்துவிட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வானம். இருந்தாலும் அளத்தில் வேலை பார்ப்பவருக்குப் போன் போட்டேன். நல்லவேளை, என்னிடம் இன்னொரு போன் இருந்தது.

"ஏம்பா, உப்ப தார்ப்பாய் போட்டு மூடிடு."

"இன்னாத்துக்குங்க? வெயில் மண்டையப் பொளக்குது."

"சும்மா மூடுப்பா."

"மழ வருதுன்னு யார்னா சொன்னாங்களா?"

நான்தான் வரையப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? "மூடிட்டு கூப்புடு" என்று வைத்துவிட்டேன்.

"முன்னாடி போறவன் எல்லைகிட்ட போயிட்டான்" என்றாள் மனைவி. "யாருக்குங்க காத்திருக்கீங்க?"

இன்னொரு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக மணி அடித்தது. "மூடியாச்சுங்க. இங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

உடனே ஒரு மேகம் வரைந்தேன், இட்லி அளவுக்கு. நாலு சொட்டு விழுந்தது.

"இது மழையா? கொசு மூத்திரம். பெருசா போடுங்க!"

கண்ணை மூடிக்கொண்டு விரலை இழுத்தேன். சடசடவென்று சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், முன்னால் போனவன் எல்லையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூட்டையை இறக்கி வைத்தான். பின்னால் வந்தவர்களும் இறக்கினார்கள்.

"இனிமே வானம் என்கிட்ட" என்று மனைவி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சரி என்றேன். நனைந்துகொண்டிருந்த அந்த மூட்டைகளுக்கு மேல் முதலில் ஒரு கொட்டகை போடச் சொன்னேன்.