குறுக்கே போனது யார்?

குதிரைமேல் ஆடவேண்டிய போலோவைச் சைக்கிள்மேல் ஏற்றியவர் எங்கள் சின்ன மாமா. அந்த ஆட்டத்தில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல முகமில்லை.

மாமா இளவயதில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். அங்கே கற்ற விதிகளை ஞாயிறுதோறும் திருவான்மியூரில் ஒரு காலிமனையில் எங்களுக்குப் புகட்டுவார். பக்கத்துக்கு நாலு பேர். வலக்கையில்தான் மட்டை. ஒவ்வொரு கோலுக்கும் பக்கம் மாற வேண்டும். ஒரு சுற்று ஏழரை நிமிடம். "ஏழரையா? வேற நேரமே கெடைக்கலையா உனக்கு?" என்பார் அம்மா. ஆனால் மாமா உயிரை விட்டது ஒரே விதிக்குத்தான்.

"பந்து போற கோட்டுலயே பின்னால வர்றவனுக்குத்தான் வழி. குறுக்க பூந்தா ஃபவுல். குதிரையா இருந்தா ஆளே காலி, இன்னா?"

பெரியம்மாவை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் அவர் மகள், என் அக்கா, அந்த வருஷம் எங்கள் வீட்டில் இருந்தாள். என்னைவிட நன்றாக ஆடுவாள். அது எனக்குப் பிடிக்காது. வெளியூர்ப் போட்டிக்கு மாமா மூன்று பேரை முடிவு செய்துவிட்டார். மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு அவளும் நானும். "டீம்ல சேந்துட்டேன்னு இன்னிக்கு அம்மாகிட்ட சொல்லணும்" என்று காலையிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுற்றில் அவள் பந்தை அடித்து, அதன் பின்னாலேயே நேராக வந்தாள். நான் குறுக்கே புகுந்தேன். இருவரும் விழுந்தோம், அவளுக்கு முழங்கை கிழிந்தது. கழன்ற செயின் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்த மாமா எதையும் பார்க்கவில்லை.

"யாரு குறுக்க வந்தது?"

"அக்காதான்" என்றேன், யோசிக்கக்கூட இல்லை.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு "ஆமா மாமா" என்றாள். இடம் எனக்குக் கிடைத்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பெரியம்மா ஆவலாகக் கேட்டார். "நான்தாம்மா வேணான்னுட்டேன், தங்கச்சி போவட்டும்" என்று சொல்லி அக்கா முழங்கையைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டாள். பெரியம்மா என் தலையைத் தடவினார். "நல்லா ஆடு கண்ணு. அக்காவ உங்க வூட்ல நல்லா பாத்துக்கிறீங்க, அது போதும் எனக்கு."

எனக்கு வெட்கம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. அக்காவைச் சரியான ஏமாளி என்றுகூட நினைத்தேன். அன்றைக்கும் அவள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாக வேண்டும், எங்கள் வீட்டில்தான் படுத்தாக வேண்டும், அந்த வீட்டுப் பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்ல அவளுக்கு வாயே கிடையாது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.