டிஷ்யூ பாக்கெட்டுக்கு உள்ள மரியாதை

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் மதிய நெரிசல். காலி மேசை ஒன்றில் உட்கார்ந்து டேப்லட்டைத் திறக்கிறேன். விடுப்பில் வந்திருக்கிறேன். ஆனாலும் அலுவலகச் செயலியில் மேலாளரின் செய்தி: “அஞ்சே நிமிஷம், இந்த ஃபைலைப் பாத்துடுங்க.” காலையிலிருந்து இது நான்காவது ஐந்து நிமிடம்.

மேசை துடைக்கும் அக்கா அதட்டுகிறார். “எந்திரிங்கண்ணே, இங்க ஆள் இருக்கு லா.”

“யாரையும் காணோமே?”

மேசைமேல் கிடக்கும் டிஷ்யூ பாக்கெட்டைக் காட்டுகிறார். “இத வச்சு சீட் பிடிச்சிட்டு சாப்பாடு வாங்கப் போயிருக்காங்க. வேற யாரும் உக்கார மாட்டாங்க.”

எழுகிறேன். டேப்லட் மறுபடியும் ஒலிக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாலு காசு பெறாத டிஷ்யூ பாக்கெட்டை ஊரே மதிக்கிறது. என் விடுப்புக்கு ஒப்புதல் கொடுத்த மனிதரே அந்த விடுப்பை மதிக்கவில்லை.