வழி மாறிய குழாய்

எதையும் நோண்டிப் பார்க்கிற புத்தி எனக்கு. காய்ச்சல் வந்து வந்து போனபோது மட்டும் அது தூங்கிவிட்டது. சிவகாசியில் நான் கணக்கு எழுதும் அச்சகத்தில் அப்போது காலண்டர் சீசன். ஓர் ஊசியைப் போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போய் உட்காருவதுதான் எங்கள் பக்கத்து வைத்தியம். படியேறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் அம்மா என்னை மதுரைக்கு இழுத்துப்போனாள்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். இதயத்தின் சதைக்கு ரத்தம் கொடுக்க வேண்டிய குழாய்களில் ஒன்று, வழி மாறி, இதயத்தின் அறைக்குள்ளேயே போய்த் திறந்திருந்தது. பிறவியிலேயே அப்படியாம். அபூர்வமாம். என் சொத்தைப் பல்லிலிருந்து ரத்தத்தில் கலந்த கிருமி அந்தத் திறப்பில் குடியேறிவிட்டதாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் விடவில்லை. மருந்து அங்கே எப்படிப் போகும், குழாயை எதை வைத்து அடைப்பீர்கள் என்று துளைத்தெடுத்தேன். வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து, பிறகு ஆபரேஷன் என்றார். பயம் இல்லாமல் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசை அதை முந்திக்கொண்டது.

"இது ஏன் டாக்டர் இப்படி ஆகுது?"

"காரணம் யாருக்கும் சரியாத் தெரியாதும்மா. வயித்துல உருவாகும்போதே ஆயிடுது."

பக்கத்தில் நின்று கேட்ட அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்கு இட்லியை ஊட்டிவிட்டு, தன் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். மறுநாள் கட்டிலருகே குனிந்து கேட்டாள்.

"ஏத்தா, நீ வயித்துல இருக்கையில தாயில்பட்டியில வெடிக்குத் திரி சொருகப் போனேன். நெறமாசம் வரைக்கும் போனேன். கையெல்லாம் வெடிமருந்து. சரியாக் கழுவாமக்கூட சோறு தின்னுருக்கேன். அதனாலயா?"



"அதெல்லாம் இல்லம்மா."

"டாக்டரம்மா தெரியாதுன்னுதான சொன்னாக?"

"நீ வெளிய போனப்ப கேட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னுட்டாக."

நான் கேட்கவே இல்லை.

"என் தலைல அடிச்சுச் சொல்லு."

பொய்ச் சத்தியம் செய்தால் அந்தத் தலைக்கு ஆகாது என்பார்கள். அதையெல்லாம் நம்பாதவள்தான் நான். ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி அம்மாவின் தலையில் வைத்துச் சத்தியம் செய்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாள்.

கிருமி போனது, குழாயை அடைத்தார்கள், பிழைத்துக்கொண்டேன். இப்போதும் பரிசோதனைக்குப் போனால் டாக்டரம்மாவை ஆயிரம் கேள்வி கேட்கிறேன். அதை மட்டும் கேட்பதில்லை.