பூட்டிய கிணறும் உரப்பைக் கூரையும்

என் தகப்பன், ஐயா, இருக்கும்வரை வெள்ளிக்கிழமைத் தண்ணீர் முறை எனக்குத்தான். இறுப்பிட்டியில் எங்கள் பங்குக் கிணற்றில் யார் எந்தக் கிழமை இறைப்பது என்பது வாய்ப்பேச்சுத்தான்; ஊரே அதை மதிக்கும். ஐயாவின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு என் அண்ணை கிணற்றடிப் படலைக்குப் பூட்டுப் போட்டார். முறை தந்தவர் போய்விட்டார், முறையும் போய்விட்டது என்றார். எனக்குச் சீதனமாக வந்த காணி காய்ந்து போனால் அதை அவருக்கே அரைவிலைக்கு விற்றுவிட்டு, தெற்கே கடையில் வேலைக்கு நின்ற என் கணவரிடம் போய்விடுவேன் என்பது அவருடைய எண்ணம். நான் அழுதுகொண்டு வருவேன் என்று பார்த்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வெளிநாட்டு மிளகாயை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. காய்ந்த செத்தல் மிளகாய் பொன் விலை விற்றது. எல்லோருக்கும் மிளகாய்க் கன்று வேண்டும். ஆனால் நாற்றுமேடை போடுகிற கார்த்திகையில் மழை அடித்து அழுகவைத்துவிடும். தோட்டம் செய்வதைவிடக் கன்று வளர்த்து விற்கத் தண்ணீர் குறைவாகத்தான் வேண்டும். கன்றுக்கு ஒரு வீடு கட்டுவோம் என்று நினைத்தேன். மலைநாட்டில் கண்ணாடியால் கட்டுகிறார்கள் என்று விவசாய உத்தியோகத்தர் சொன்னார். அந்தக் குளிருக்கு அது சரி. எங்கள் வெயிலில் கன்று உள்ளேயே அவிந்துவிடும்.

உரப்பைகளுக்குள் இருக்கும் பொலித்தீன் பைகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கினேன். கழுவிப் பிரித்து, ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறவைத்து, வலை நூலால் தைத்தேன். பனைமரத்தில் அறுத்த சலாகையில் சரிவான கூரை போட்டேன். உப்புக்காற்றை மறிக்க இடுப்பளவுக்குக் கடற்கரைக் கல் அடுக்கி, சூடு வெளியேற அதற்கு மேல் பழைய மீன்வலை கட்டினேன். கூரையில் விழும் மழையெல்லாம் பனைமரத்தைக் குடைந்த பீலியால் ஓடிச் சீமெந்துத் தொட்டியில் சேரும். வெயில் ஏறினால் மேலே ஓலை பரப்புவேன். அண்ணை வேலிக்கு அப்பால் நின்று, ஆட்டுக்கொட்டில் நல்ல வடிவு என்று நாலு பேர் கேட்கச் சொன்னார்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. திறந்தவெளியில் போட்ட மேடைகள் எல்லாம் அழுகின, அண்ணையின் மேடையும்தான். என்னுடைய கன்று பச்சையாக நின்றது, தொட்டியும் நிரம்பி வழிந்தது. கடல் தாண்டி அனலைதீவிலிருந்துகூட ஆட்கள் கன்று கேட்டு வந்தார்கள். அண்ணை முதலில் தன் மனைவியை, என் மச்சாளை, அனுப்பினார். நான் கொடுக்கவில்லை. பிறகு படலைப் பூட்டின் திறப்போடு தானே வந்தார்.

"இந்தா கிணத்துத் திறப்பு. வெள்ளிக்கிழமை நீ இறை. எனக்கும் மிளகாய்க் கண்டு தா."

"திறப்பை வைச்சிட்டுப் போங்கோ அண்ணை. கண்டும் முறைக்குத்தான். உங்கடை முறை வரேக்கை சொல்லியனுப்பிறன்."

திறப்பைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனார். நிலத்தைக் கொத்தி, எருப் போட்டு, பாத்தி கட்டிவிட்டுக் காத்திருந்தார். நான் ஊருக்கெல்லாம் கொடுத்தேன். கடைசி மேடையில் அவருடைய தோட்டத்துக்குப் போதுமான கன்று நின்றது. நடுகிற பருவம் தாண்டி முற்றும்வரை அதில் கை வைக்கவில்லை. பிறகு ஒரு காலை, அவர் வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒன்று விடாமல் பிடுங்கி எருக்குழியில் போட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. கையைக் கழுவிவிட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் இறைக்கப் போனேன்.